பொட்டு வைத்து அழைத்த கச்சேரி

அத்தையின் தறி ஷெட்டுக்கு நாங்கள் முதன்முதலாகப் போன நாளில் அவர் எங்களை உள்ளே விடவில்லை. சீனுவின் டிரம்ஸ் முந்தின நாளே உள்ளே போயிருந்தது. பிரகாஷ் தன் கிடாரையும் நான் என் பேஸ் கிடாரையும் தோளில் மாட்டிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்தபடி, பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தோம். அவர் வாசலை மறித்து நின்றுகொண்டு, "உங்கள யாரு கூப்டாங்க?" என்று கேட்டார்.

"சீனுதான் வரச் சொன்னான்" என்றேன்.

"வரச் சொல்றது வேற, கூப்டறது வேற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபம் போலிருக்கிறது என்று ஆம்ப்ளிஃபயரைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் போக அடுத்த பஸ் எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அவர் குங்குமச் சிமிழோடு திரும்பி வந்தார். இரண்டு பேர் நெற்றியிலும் பொட்டு வைத்தார். "வாங்கப்பா, உள்ள வாங்க. இன்னா துன்றீங்க?" என்றார்.

அவர் சீனுவுக்கு அத்தை. அவன் அப்பாவின் தங்கை. அன்றிலிருந்து எங்களுக்கும் அத்தைதான். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதுவதாக இருந்தால் நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும், கடிதம் போட்டோ போன் செய்தோ கேட்டால் அவர் பதிலே சொல்லமாட்டார்.

ஊர் ஆந்திராவில், நகரிக்குப் பக்கம். தமிழ்நாட்டு எல்லை சைக்கிள் மிதிக்கிற தூரம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் மண்டல் ஆபீசிலும் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். ஊரில் பாதிப் பேர் விசைத்தறியை நம்பியிருந்தார்கள். மீதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அத்தையிடம் நான்கு தறிகள் இருந்தன. நகரியில் ஒருவரிடம் பாவு நூல் வாங்கி வந்து கூலிக்கு நெய்து கொடுப்பார். கணவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தார்.

நாங்கள் மூன்று பேரும் திருப்பதியில் படித்தோம். அங்கே எந்த அறையில் ஒத்திகை பார்த்தாலும் வீட்டுக்காரர் இரண்டாம் நாள் சாவியைக் கேட்டுவிடுவார். அத்தையின் ஷெட்டில் அந்தத் தொல்லை இல்லை. நான்கு தறி ஓடும்போது நாங்கள் போடுகிற சத்தம் யார் காதிலும் விழாது. எங்கள் காதிலேயே விழாது என்பதுதான் சிக்கல். கரண்ட் இருந்தால் தறியும் ஓடும், ஆம்ப்ளிஃபயரும் ஓடும். கரண்ட் போனால் இரண்டும் நிற்கும். கரண்டில் மூன்று ஃபேஸும் ஒழுங்காக வந்தால்தான் அங்கே வாழ்க்கை. எங்கள் குழுவுக்கு 'த்ரீ ஃபேஸ்' என்று பெயர் வைத்தது அதனால்தான். கேட்கிறவர்கள் என்னவோ பெரிய தத்துவம் என்று நினைத்துக்கொள்வார்கள், நாங்களும் மறுத்ததில்லை.

சொந்தமாக ஆறு பாட்டுகள் வைத்திருந்தோம். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும், நடுவில் ஆங்கிலம் வரும். தறிச் சத்தத்துக்குள்ளேயே பழகியதால் சீனுவின் தாளம் தறியின் நடையில் போய் ஒட்டிக்கொண்டது. பிரகாஷ் அதை மாற்றச் சொல்லிச் சொல்லிச் சலித்து, கடைசியில் பாட்டுகளை அந்த நடைக்கு மாற்றிக்கொண்டான்.

அத்தைக்கு யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் நேரில் போவார். கையில் குங்குமச் சிமிழ் இருக்கும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பொட்டு வைத்துக் கூப்பிடுவது வழக்கம்தான். அத்தைக்கு அது எல்லாவற்றுக்குமான வழக்கம். தறி ஓட்டுகிற பெண் ஒருத்தி இரண்டு நாள் வேலைக்கு வராவிட்டால் ஆள் அனுப்பமாட்டார், விடிந்ததும் அவள் வீட்டுக்கே போய்ப் பொட்டு வைத்து, "வாம்மே, தறி நிக்குது" என்பார். அவள் காய்ச்சலோடு வந்துவிடுவாள். அத்தை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திட்டித் திருப்பி அனுப்புவார்.

ஒருமுறை டிரான்ஸ்ஃபார்மர் கெட்டு ஒரு ஃபேஸ் வரவில்லை. ஊரே லைன்மேனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது. அத்தை சப் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், அங்கே மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த லைன்மேனை எழுப்பி, நெற்றியில் பொட்டு வைத்து, "பாபு, மா ஊருக்கு ஒருதரம் வந்துட்டுப் போ" என்று தெலுங்கு கலந்து கூப்பிட்டாராம். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பையன் அவன். விஷயம் என்னவென்று புரியாமலே பின்னால் வந்துவிட்டான். நெற்றிக் குங்குமத்தோடு அவன் கம்பத்தில் ஏறியதை நானே பார்த்தேன்.

"போன்ல சொன்னா ஆவாதா அத்தை?" என்று பிரகாஷ் கேட்டான்.

"எட்ட நின்னுகினு சத்தம் குடுக்கறதுக்குப் பேரு கூப்டறதா? கூப்டறதுன்னா கால் நோவணும்" என்றார்.

அது ஏதோ பிடிவாதம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கரண்ட் இல்லாமல் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவரே சொன்னார். அவருடைய அப்பா, அதாவது சீனுவின் தாத்தா, அந்தக் காலத்தில் ஊரில் சாவு விழுந்தால் பறை அடிக்கப் போக வேண்டும். நிலம் கிடையாது. அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் இருக்கவும் முடியாது. "எங்க நைனாவக் கூப்ட எவனும் எங்க வூட்டாண்ட வந்ததில்ல. ரோட்டாண்டயே நின்னுகினு ஏய்னு ஒரு சத்தம். துன்னுகினு இருந்தாலும் கைய ஒதறிட்டு ஓடணும். எங்கண்ணன் சின்னப் புள்ள, பின்னாடியே அவனும் ஓடுவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நூல் விலை சொல்வதுபோலச் சொன்னார். அந்த நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது, அவர் எழுந்து உள்ளே போனார்.

அந்த அண்ணன்தான் சீனுவின் அப்பா. பறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனவர். வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வந்து, ஊரில் முதல் மாடி வீடு கட்டினார். அதே தெருவில், அத்தை வீட்டிலிருந்து நான்காவது வீடு. கிரகப்பிரவேசத்துக்குப் பளபளவென்று பத்திரிகை அடித்தார். எல்லோருக்கும் பத்திரிகை போனது. அத்தைக்கும் போனது, பள்ளிக்கூடம் விட்டு வந்த சீனுவின் கையில். அத்தை அதை வாங்கிக்கொண்டார், போகவில்லை.

"பத்திரிக வந்துச்சி. ஆளு வரல" என்பார், கேட்டால்.

"ஒரே தெருவுல கீற தங்கச்சிக்கு நான் பொட்டு வெச்சி வேற கூப்டணுமா? வூடே அவளுதுதான?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் அது தீரவில்லை போலிருக்கிறது. பல வருஷமாக அத்தை அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் நின்று பேசிக்கொள்வார்கள், மழை, பஸ், யாருக்கு உடம்பு சரியில்லை என்று. வீட்டுக்கு வா என்ற பேச்சு மட்டும் வராது.

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் சீனு. மகன் டிரம்ஸ் வாங்கியது தெரிந்ததும் அவன் அப்பா வீட்டுக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார். "எத வேணாம்னு ஒதறிட்டு வந்தமோ அத நீ காசு குடுத்து வாங்கிகினு வந்து அடிக்கறியா?" என்று ஒருமுறை கேட்டாராம். சீனு டிரம்ஸை அத்தையின் ஷெட்டில் கொண்டுபோய் வைத்தான். அவன் வாசித்து அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. படிப்பு முடிந்ததும் பெங்களூரில் ஒரு கம்பெனியில் தெரிந்தவர் மூலம் அவனுக்கு வேலை பேசி வைத்துவிட்டார்.

இப்போது கச்சேரிக்கு வருகிறேன். பெங்களூரில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர் திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு பாரை எடுத்து, நாற்காலிகளைக் கழித்துவிட்டு உயரமான ஸ்டூல்களைப் போட்டு, வாசலில் 'பப்' என்று நீல விளக்கில் எழுதிவைத்தார். உள்ளே ஒரு மூலையில் கட்டில் அளவுக்கு மரமேடை. பிரகாஷ் அவரைப் பிடித்து, எங்களுக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிவிட்டான். எங்கள் முதல் மேடை. சீனுவுக்குத் திங்கட்கிழமை பெங்களூரில் வேலை என்பதால் அதுவே கடைசி மேடையாகவும் இருக்கலாம்.

பப்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், முப்பது பேரை நாங்களே கூட்டி வராவிட்டால் கச்சேரி கிடையாது. "முப்பது ஜனம் மீரே கொண்டு வரணும். லேதன்டே கச்சேரி லேது."

முப்பது பேர் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தோம். நோட்டீஸ் ஜெராக்ஸ் எடுத்துக் கல்லூரிச் சுவரெல்லாம் ஒட்டினோம். தெரிந்தவர்களுக்கெல்லாம் மெசேஜ் அனுப்பினோம். வருகிறேன் என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. என்னோடு படித்த ஆரணிப் பையன் ஒருவன்தான் காரணத்தைச் சொன்னான். "புரட்டாசி சனிக்கிழமடா. பாருக்கு வந்தேன்னு தெரிஞ்சா வீட்ல சோறு கிடையாது." தமிழ் வீடுகளில் அந்த மாதம் முட்டைகூட உடைக்கமாட்டார்கள். பப்காரரும் பிரகாஷும் தெலுங்கர்கள், அவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. எனக்கும் சீனுவுக்கும் உறைத்திருக்க வேண்டும். தேதி கிடைத்த சந்தோஷத்தில் காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் ஷெட்டில் நாங்கள் வாசித்ததைப் பார்த்து அத்தை தறிகளை நிறுத்தினார். பாவு அறுந்தாலொழிய அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "இன்னாடா, எழவு வூட்டுல ஒக்காந்துகினு கீற மாரி கீறீங்க?" என்று கேட்டார்.

பிரகாஷ் விஷயத்தைச் சொன்னான். அத்தை, "முப்பது பேருதான? இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீறீங்க? யாரப் போயி கூப்டீங்க?" என்றார்.

"நோட்டீஸ் ஒட்டினோம் அத்தை."

"செவுத்துல ஒட்டனா செவுருதான் வரும்" என்றார். பிறகு சீனுவைப் பார்த்து, "உனுக்கு யாரு வரணும்?" என்று கேட்டார்.

சீனு டிரம்ஸ் குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "நைனா ஒரு தபா வந்து ஒக்காந்து கேட்டா போதும் அத்தை. அப்பறம் பெங்களூருக்குப் போய்டறேன்" என்றான்.

அத்தை திரும்பிப் போய்த் தறியைப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார், மடியில் சிமிழ். அவர் சொன்ன ஊரெல்லாம் ஓட்டினேன். எங்கள் பக்கத்துக்காரர்கள் புரட்டாசிச் சனிக்கிழமையில் எப்படியும் திருப்பதி மலைக்குப் போவார்கள். மலையிலிருந்து இறங்கிய பிறகு ஒருமணி நேரம் கச்சேரிக்கு வந்து உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பலாம் என்பது அத்தையின் ஏற்பாடு. எதையும் மறைத்துச் சொல்லவில்லை. "நம்ம சீனு கச்சேரி. சாராயம் விக்கற எடந்தான். நாம குடிக்கப் போவல, கேக்கப் போறோம். அவசியம் வந்துடணும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி சொன்னார். அத்தையின் பகுதியில் எல்லோரும் நெற்றியைக் காட்டினார்கள். தறிக்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். மேல் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் மட்டும் பெண்கள் நெற்றியைக் காட்டவில்லை. சிமிழில் தாங்களே விரலை விட்டுக் குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். அத்தை சிமிழை நீட்டிக்கொண்டு நின்றார், அவர்களிடமும் அதே வார்த்தையைச் சொன்னார். வண்டியில் திரும்பும்போது, "அங்க எல்லாம் வேணாம்னு உட்டிருக்கலாம் அத்தை" என்றேன்.

"கூப்டறது என் வேல. வெச்சிக்கறது அவங்க இஷ்டம்" என்றார். எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இப்போது இதை எழுதும்போதும் வருகிறது. அவருக்கு வந்ததா என்று தெரியாது.

கடைசியாக அவர்கள் தெருவுக்கு வந்தோம். அத்தை தன் வீட்டைத் தாண்டி வண்டியை விடச் சொன்னார். அண்ணன் வீட்டு கேட்டுக்கு முன்னால் இறங்கினார். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கேட்டைத் திறந்து வாசற்படி வரை போனார். படியில் ஏறவில்லை. கீழே நின்றபடி, "அண்ணி" என்று கூப்பிட்டார்.

அண்ணி ஓடி வந்தார். பின்னாலேயே அண்ணனும் வந்தார், கையில் டிவி ரிமோட்டோடு. படிக்கு மேலே அவர்கள், கீழே இவர். அண்ணி குனிந்து நெற்றியைக் காட்டினார், அத்தை பொட்டு வைத்தார். அண்ணனைப் பார்த்து, "சனிக்கெழம சீனுவுக்குத் திருப்பதில கச்சேரிணா. ரெண்டு பேரும் வந்துடணும்" என்றார்.

"மோளம் அடிக்கறதப் பாக்க நான் வரணுமா?" என்றார் அண்ணன்.

"நான் கூப்ட வந்துகீறேன்" என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணி, "உள்ள வாம்மா, ஒரு வாய் காப்பி" என்றார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அத்தை, "வண்டி நிக்குது அண்ணி" என்று திரும்பி வந்துவிட்டார். அவர் ஏறியதும் நான் வண்டியைக் கிளப்பினேன். நான்கு வீடுதான், நடந்தே போயிருக்கலாம், ஆனால் ஏறிக்கொண்டார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு பப் வாசலில் ஒரு வேனும் ஒரு டெம்போவும் வந்து நின்றன. முப்பது பேரைக் கேட்ட பப்காரர் வாசலுக்கு வந்து தலைகளை எண்ணினார். அறுபது பேராவது இருக்கும். பாதிப் பேர் மொட்டை, மேலே சந்தனம். மஞ்சள் புடவை, துளசி மாலை, கையில் லட்டுப் பைகள். மலையில் தரிசனம் முடித்துவிட்டு நேராக இங்கே இறங்கியிருந்தார்கள். ஸ்டூல்கள் உயரம் என்று வயதானவர்கள் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். தறிக்காரப் பெண் ஒருத்தி லட்டு ஒன்றை எடுத்து பப்காரரிடம் நீட்டினாள். அவர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கவுண்டரில் இருந்தவனிடம், "பிரசாதம் லோபல உந்தி ரா. மூசெய்" என்றார். பிரசாதம் உள்ளே இருக்கும்போது பாட்டிலைத் திறக்கக் கூடாது, மூடிவிடு என்று. அவரும் ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டு தொழில் தொடங்கியவர்தான். அன்றைக்கு அங்கே சோடாவும் வறுத்த வேர்க்கடலையும் மட்டும் விற்றன.

வாசித்தோம். முதல் பாட்டில் முன்வரிசை மொட்டைத் தாத்தாக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டில் கையை எடுத்தார்கள். சீனுவின் அடியில் தறியின் நடை வந்ததும் தறிக்காரப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, "மூணாம் தறி, கேளுடி" என்று சிரித்தார்கள். மூன்றாம் தறி கொஞ்சம் நொண்டும். பிரகாஷுக்குக் குரல் அன்றைக்கு நன்றாக ஒத்துழைத்தது. நான் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

சீனு மட்டும் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் வாசலைப் பார்த்தான். மேடைக்கு எதிரே கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே நீல விளக்கின் கீழே அத்தையின் முதுகு தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் வேனிலிருந்து இறங்கியவர், வந்தவர்களை எல்லாம் உள்ளே அனுப்பிவிட்டு, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது பாட்டுக்குப் பிறகு நான் கதவைத் திறந்து, "உள்ள வாங்க அத்தை, உங்களுக்குத்தான் வாசிக்கிறோம்" என்றேன்.

"கூப்ட்டவ உள்ள போயி ஒக்காந்துட்டா வர்றவரு யாரப் பாத்துட்டு வருவாரு? நீ போ" என்றார்.

ஆறு பாட்டும் முடிந்தன. அண்ணன் வரவில்லை. ஜனங்கள் எழுந்தார்கள், வேனில் புளிசாதப் பொட்டலம் இருக்கிறதென்று வெளியே போனார்கள். போகும்போது ஆளாளுக்கு சீனுவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். அவன் எல்லோரிடமும் சிரித்தான். பிறகு குனிந்து டிரம்ஸின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினான். நான் பக்கத்தில் போய் ஒயரைச் சுருட்டினேன். அவனைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்தது. முதலில் அத்தை வந்தார். பின்னால் அண்ணன், வெள்ளைச் சட்டை, வியர்வை, கக்கத்தில் குடை. அவர் தனியாக பஸ்ஸில் வந்திருந்தார்.

"பஸ்ஸு லேட்டு" என்றார் பொதுவாக.

"ஆமா. லேட்டுதான்" என்றார் அத்தை. அண்ணனை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு சீனுவிடம், "அத மறுபடியும் மாட்டுடா. கூப்ட்ட ஆளு வந்துகீறாரு" என்றார்.

நான் கிடாரை எடுக்கப் போனேன். பிரகாஷ் வேண்டாம் என்று என் கையைப் பிடித்தான். சீனு மட்டும் வேண்டியதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எதை வாசிப்பது என்று கொஞ்ச நேரம் தெரியாமல் இருந்தவன், மெதுவாகத் தறியின் நடையைப் பிடித்தான். நான்கு தறியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பிறகு அது தறியாக இல்லாமல் வேறு எங்கோ போய்விட்டது. நான் அவனோடு எத்தனையோ நாள் வாசித்திருக்கிறேன், அந்த வாசிப்பை அதற்கு முன் கேட்டதில்லை. அவன் அப்பா குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு, மகனைப் பார்க்காமல் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்தார்.

முடிந்ததும் அண்ணன் கேட்டார், "இத யாரு சொல்லி வாசிக்கற?"

"யாரும் சொல்லல நைனா. நானாத்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்க நைனா ஒருநாள்கூடத் தானா வாசிச்சதில்ல" என்றார். அதை மகனிடம் சொன்னாரா தங்கையிடம் சொன்னாரா தெரியவில்லை. எழுந்து வந்து, மாட்டாமல் விட்டிருந்த ஒரு டிரம்மைத் தானே தூக்கிக்கொண்டார். அதைத் தொட வேண்டாமென்று சீனு சொல்லப் போனான், அத்தை கண்ணைக் காட்டினார், விட்டுவிட்டான்.

வெளியே வேன் கிளம்பத் தயாராக இருந்தது. பப்காரர் எங்களுக்குக் கைகொடுத்து, புரட்டாசி முடிந்து வாருங்கள் என்றார். முடிந்தபோது சீனு இல்லை, நாங்களும் போகவில்லை. டிரம்மை வேனில் ஏற்றிவிட்டு அண்ணன் அத்தையின் பக்கம் திரும்பினார். "நாளைக்குச் சாயந்தரம் சீனு ஊருக்குப் போறான். நம்ம வூட்டாண்ட வாம்மே. துன்னுட்டுப் போவலாம்" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. அத்தைக்கு அப்படி இல்லை.

"ரோட்ல நின்னுகினு சொன்னா கூப்ட்டதா ஆவுமாணா?" என்றார். "வூட்டாண்ட வந்து கூப்டு."

அண்ணன் வேனில் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் நடந்ததை சீனு பெங்களூரிலிருந்து போனில் சொன்னான். காலையில் தறி போடுவதற்கு முன்னாலேயே அவன் அப்பாவும் அம்மாவும் புதுத்துணி உடுத்திக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் சிமிழும் எடுத்துக்கொண்டு, நான்கு வீடு தள்ளி நடந்து போய் அழைத்தார்களாம். அத்தை அன்று தறி போடவில்லை. சாயங்காலம் தலை நிறையப் பூவோடு வந்தார். படியேறி உள்ளே வந்ததும் உட்காரவில்லை. அவர் அந்த வீட்டின் உட்பக்கத்தை அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார். மாடிக்கும் ஏறினார். அண்ணன் பின்னாலேயே போய் விளக்கு விளக்காகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாராம்.